வலிக்கிறவன் முன்னால்

ஜூன் 3

சகலைக்கு,

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. எழுத வைக்கிறார்கள். "போன்ல பேசினா ரெண்டு பேரும் கத்துறீங்க. பேசாம இருந்தா நானும் தங்கச்சியும் நடுவுல கிடந்து முழிக்கிறோம். எழுதுங்க. பேப்பர்ல கத்த முடியாது" என்று பெரியவள் பேனாவைக் கையில் திணித்துவிட்டுப் போயிருக்கிறாள். உன்னிடம் சின்னவளும் இதையேதான் சொல்லியிருப்பாள். அக்காவும் தங்கையும் சேர்ந்து நம் இருவருக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் கட்டிக்கொண்டதால்தான் நாம் சகலைகள் ஆனோம். அனுபவிக்க வேண்டியதுதான்.

முதலில் கால் விஷயம். நீ வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு பெரிய டாக்டரிடம் காட்டினேன். குதிகாலில் தொடங்கி விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு பட்டை ஓடுகிறது அல்லவா, அது குதிகாலுக்குப் பக்கத்தில் பாதி கிழிந்திருக்கிறதாம். எலும்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் வரை ஒரு பெரிய பூட்ஸ் மாதிரி மாட்டி விட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு விழுந்த இரண்டாவது கால்கட்டு இது. கடையில் உயரமான ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். மேல் தட்டில் இருக்கிற மருந்தை யாராவது கேட்டால் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றுகிறது. சொல்வதில்லை.

அடுத்தது, மலை. இனி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். முதுகுப்பையில் பெரியவள் பழைய போர்வைகளை அடைத்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள். ஷூவைக் கடை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிடப் போகிறேன். அவருக்கும் என் அளவுதான். அக்டோபரில் போவதாக இருந்த பயணத்துக்கு நீ வேறு ஆள் பார்த்துக்கொள்.

கால் மட்டும்தான் காரணம் என்று நினைக்காதே. மற்ற காரணம் உனக்கே தெரியும்.

சகலை


ஜூன் 14

சகலை அவர்களுக்கு,

நான் இங்கே நலம். உங்கள் நலம் அறிய ஆவல். கடிதத்தை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதைத் தாண்டி எனக்கு எழுதத் தெரியாது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு புது ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்டுகிறோம். எங்கள் பிழைப்பில் ஒரு கூத்து உண்டு. லிஃப்ட் ஓட ஆரம்பித்த அன்றைக்கு எங்களுக்கு அங்கே வேலை முடிந்துவிடும். அதுவரைக்கும் கருவிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு படிதான். ஒன்பது மாடி. தங்குவதற்குத் தரைத்தளத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். இரும்புக் கட்டில், சிமெண்டுத் தரை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கலவை இயந்திரம். அது ஓடாத நேரத்தில் இதை எழுதுகிறேன்.

காரணம் எனக்கே தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். உங்களுக்கும் ஒன்று தெரியும். அதை நான் எழுதுகிறேன்.

நீங்களும் நானும் மலையேற ஆரம்பித்த முதல் வருஷமே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வலிக்கிறவன் முன்னால், தெம்பாக இருப்பவன் பின்னால். வலிக்கிறவனை முன்னால் விட்டால் அவன் வேகம்தான் இருவருக்கும் வேகம். பின்னால் வருகிறவனுக்கு அவன் கால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இந்த வழக்கத்தைச் சொன்னவரே நீங்கள்தான். என் முழங்கால் வீங்கிய வருஷம் என்னை முன்னால் விட்டு, ஆமை மாதிரி என் பின்னால் வந்தீர்கள். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

கடைசியாக மலைக்குப் போன அன்றைக்கு, கழுதை முதுகு என்கிற அந்த மேட்டைத் தாண்டி இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் என்ன சொன்னீர்கள்? "நீ முன்னாடி போ. நான் பூவெல்லாம் போட்டோ எடுத்துட்டு வர்றேன்." நான் நம்பினேன். பின்னால் நிற்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு வலி இல்லை என்றுதான் நம் கணக்கில் அர்த்தம். பனி இறங்கிவிட்டது. கீழே குடிசைக் கடையில் டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உங்கள் டீயும் ஆறிப்போனது.

மாதக்கணக்காக வலி என்று அக்கா பிறகு சொன்னார். காலையில் ஒரு மாத்திரை, கழுதை முதுகில் ஒரு மாத்திரை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் "வலியை மாத்திரை போட்டு அமுக்காதீங்க, அது உடம்பு பேசுற பேச்சு" என்று சொல்கிறவர் நீங்கள். ஊருக்குத்தான் உபதேசமா?

வேறு ஆள் எனக்கு வேண்டாம். ஷூவை வாட்ச்மேனுக்குக் கொடுக்காதீர்கள். குதிகால் பக்கம் தேய்ந்து சாய்ந்திருக்கிறது என்று போன வருஷமே சொன்னேன். அதை இன்னொருவருக்குக் கொடுத்தால் வலியையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி.

இப்படிக்கு,
சகலை


ஜூன் 23

சகலைக்கு,

நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. மறைத்தேன். வருஷத்தில் ஒன்றிரண்டு தடவைதான் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். முன்னால் நடந்தால் நான் நொண்டுவது உனக்குத் தெரிந்துவிடும். நீ திரும்பச் சொல்வாய். மலையடிவாரத்தைப் பார்த்துவிட்டு பஸ் ஏற எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் நீ ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டாய். அதையும் எழுது.

இறக்கத்தில் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கால் வைத்தபோது உள்ளங்காலில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். காதில் கேட்டதா, காலில் கேட்டதா தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டேன். பனியில் குரல் போகவில்லை. நீ வருவாய் என்று தெரியும். அதனால் பயப்படவில்லை, குளிர்தான் தாங்கவில்லை. வெளிச்சம் போவதற்குள் நீ வந்தாய். கூடவே மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள். அவர்கள் முன்னால் நீ என்னைப் பார்த்துச் சொன்னாய்: "சாகுறதுன்னா தனியா வந்து சாவு. என்னை ஏன் கூட்டிட்டு வர்றே?"

இத்தனை வருஷத்தில் நீ என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. அதைக்கூட விட்டுவிடுகிறேன். அந்த இரண்டு பேரும் என்னை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு இறங்கும்போது நான் அழுதேன். வலியில் அழுகிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

சகலை


ஜூலை 21

சகலை அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் எழுத நாலைந்து தடவை உட்கார்ந்தேன். காலையில் எழுதலாம் என்றால் கட்டிலை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போய்ச் சேர்வதற்கே நேரம் சரியாக இருக்கிறது. பத்து எட்டு நடந்தால் சரியாகிவிடும். பிறகு வேலை. மத்தியானம் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தால் மறுபடியும் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. வயசு ஆகிறது, வேறென்ன. சாயங்காலம் எழுதலாம் என்றால் படுத்துவிடுகிறேன். இன்றைக்கு மின்சாரம் இல்லை. வேலை நிற்கிறது. உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வார்த்தையை நான் சொன்னேன். சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். அதற்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

டீ ஆறியதும் எழுந்தேன். கடைக்காரர், "போட்டோ எடுக்குறவங்க இப்படித்தான் சார், லேட்டா வருவாங்க" என்றார். கொஞ்ச தூரம் ஏறிப் பார்க்கலாம் என்று ஏறினேன். முதல் திருப்பத்தில் நீங்கள் இல்லை. இரண்டாவது திருப்பத்திலும் இல்லை. பிறகு குதிகால் பிடரியில் அடிக்க ஓடினேன் சகலை. மலையில் ஓடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா?

அந்த ஒற்றையடிப் பாதையின் இடது பக்கம் பள்ளம். உங்களுக்குத் தெரியும். நான் ஏறின அவ்வளவு தூரமும் பாதையைப் பார்க்கவில்லை. உங்களைத் தேடிப் போகிறவன் பாதையைத்தானே பார்க்க வேண்டும்? நான் பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டே ஏறினேன். பனி விலகுகிற இடத்திலெல்லாம் நின்று குனிந்து கீழே பார்த்தேன். உங்கள் நீலச் சட்டை தெரிகிறதா என்று பார்த்தேன். ஓர் இடத்தில் நீலமாக ஏதோ தெரிந்தது. யாரோ வீசிவிட்டுப் போன பிளாஸ்டிக் பை. அது பை என்று தெரிகிற வரைக்கும் பாறையைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றேன். அக்காவிடம் என்ன சொல்வது என்று அங்கேயே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். முதல் வாக்கியமே வரவில்லை.

அடுத்த திருப்பத்தில் நீங்கள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "என்னப்பா, டீ சாப்பிட்டியா?" என்றீர்கள்.

எனக்கு என்ன வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அது உங்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இல்லை. அந்தப் பள்ளத்தைப் பார்த்து வந்தவனின் வாயிலிருந்து வந்தது. சொல்லியிருக்கக்கூடாது. அந்த இரண்டு பேர் முன்னால் சொல்லியிருக்கவே கூடாது.

இன்னும் கனவில் அந்தப் பிளாஸ்டிக் பை வருகிறது.

சகலை


ஜூலை 29

சகலைக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். இருமல் மருந்து கேட்டு வந்த அம்மா, "கண்ணுல என்ன சார்?" என்று கேட்டார். தூசி என்றேன். மருந்துக் கடையில் தூசி என்று சொன்னால் வியாபாரம் என்ன ஆகும் என்று பெரியவள் திட்டினாள். பிறகு அவளே வாங்கிப் படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாய் என்பது எனக்குத் தெரியாது. நீ வருவாய் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். நான் பயப்படாமல் இருந்ததற்கும் சேர்த்து நீ பயந்திருக்கிறாய். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

உன் கடிதத்தின் முதல் பத்தியை நீயே ஒரு தடவை படித்துப் பார். கட்டிலை விட்டு இறங்கியதும் சுவரைப் பிடிக்கிறாய். பத்து எட்டு நடந்தால் சரியாகிறது. உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வருகிறது. சாயங்காலம் படுத்துவிடுகிறாய். வயசாம், வயசு! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாயே. வருஷக்கணக்காக கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். ஆறு மாதம் அதே வலியோடு நின்றவன். எந்தக் கால்? எத்தனை நாளாக?

நீ பதில் எழுதுகிற வரைக்கும் காத்திருக்க முடியாது. இப்போதே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

காலையில் கண் விழித்ததும் தரையில் கால் வைக்காதே. படுத்தபடியே ஒரு துண்டை எடுத்து விரல்களுக்குக் கீழே கொடுத்து, முன்பாதத்தை உன் பக்கம் மெதுவாக இழு. கெண்டைக்கால் வரை இழுபட வேண்டும். முப்பது எண்ணு, விடு, மறுபடி இழு. இராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடந்த பட்டையை ஒரேயடியாக மிதித்தால் அது கத்தாமல் என்ன செய்யும்? கட்டிலுக்குப் பக்கத்தில் மெத்தென்ற செருப்பை வைத்துக்கொள். அந்தச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு ஓர் அடிகூட வைக்காதே, குளியலறைக்கானாலும் சரி.

படியில் நீ எப்படி ஏறுவாய் என்று எனக்குத் தெரியும். முன்பாதத்தை மட்டும் விளிம்பில் வைத்து இரண்டிரண்டாகத் தாவுவாய். அதை விடு. முழுப் பாதமும் படியில் பதியட்டும். வேலை முடிந்ததும் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழும்பாமல் சாய்ந்து நில். முழங்காலை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை. கட்டடத்தில் ஐஸ் எங்காவது கிடைக்கும். பாட்டிலில் தண்ணீர் பிடித்து உறைய வைத்து, உள்ளங்காலுக்குக் கீழே போட்டு உருட்டு.

வேலைக்குப் போடுகிற பூட்ஸைத் திருப்பிப் பார். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் மாற்று. என் ஷூவைப் பற்றி நீ சொன்ன அதே பேச்சுதான்.

மாத்திரை போடுகிறாயா? உண்மையைச் சொல். மாத்திரையே தப்பு என்று நான் சொல்லவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு எதுவுமே நடக்காத மாதிரி சுமை தூக்கினோமே, அதுதான் தப்பு. மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, ஊன்றவே முடியாமல் போனாலோ அங்கேயே டாக்டரைப் பார். நீ கட்டுவதே ஆஸ்பத்திரி!

இனிமேல் "நலம், நலமறிய ஆவல்" எல்லாம் எனக்கு வேண்டாம். கடிதத்தின் முதல் வரியில் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. மற்றதெல்லாம் அதற்குக் கீழே.

சகலை


ஆகஸ்ட் 11

சகலை அவர்களுக்கு,

வலிக்கிறது. வலது கால். ஏப்ரலில் இங்கே வந்து ஒரு மாதத்தில் ஆரம்பித்தது.

எழுதிவிட்டேன். இதை எழுத இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

உங்களிடம் எப்படிச் சொல்வேன்? வலியை மறைத்தீர்கள் என்று உங்களை அவ்வளவு பேசியவன் நான். ஜூன் மாதம் அந்தக் கடிதத்தை எழுதும்போதே குதிகாலுக்குக் கீழே ஈரத்துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் எழுதினேன். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள். ஆளுக்கு ஆள் மறைக்கிற காரணம்தான் வேறு, மறைப்பது ஒன்றுதான். நீங்கள் மலைக்காக மறைத்தீர்கள். நான் மானத்துக்காக மறைத்தேன்.

மாத்திரையும் போட்டேன். போன வாரம் லிஃப்ட் குழிக்குள் ஏணியில் நிற்கும்போது வலி சுரீர் என்று வந்து காலைத் தூக்கிவிட்டேன். இடுப்பில் பெல்ட் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குக் கீழே பார்த்தேன். பள்ளம்தான், மலையில் என்ன, இங்கே என்ன.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. நேராக மேஸ்திரியிடம் போனேன். "சார், குதிகால் வலிக்குது. கொஞ்ச நாளைக்கு ஏணி வேலை வேணாம்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? மோட்டார் ரூம்ல ஒயரிங் கிடக்கு, உக்காந்து செய்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இவ்வளவுதான் விஷயம். இதற்கா சகலை நாம் இரண்டு பேரும் இந்தப் பாடு பட்டோம்?

துண்டு வைத்து இழுக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் நான் ஏதோ வேண்டுதல் செய்வதாக நினைக்கிறார்.

சகலை


செப்டம்பர் 2

சகலைக்கு,

வலி: காலையில் கொஞ்சம். பிறகு இல்லை. பூட்ஸைக் கழற்றி மூன்று வாரம் ஆகிறது. கடைக்கு நடந்தே போய் வருகிறேன்.

புது ஷூ வாங்கினேன். சாயங்காலம் போய் வாங்கினேன், பாதம் கொஞ்சம் உப்பியிருக்கிற நேரத்தில். குதிகாலைச் சுற்றிக் கெட்டியாக, உள்ளே மெத்தையாக இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்து பழக்குகிறேன். தரையெல்லாம் அழுக்கு என்று பெரியவள் கத்துகிறாள். பழைய ஷூவை வாட்ச்மேனுக்குக் கொடுக்கவில்லை. வெட்டிக் குப்பையில் போட்டேன். வெட்டும்போது மனசு என்னவோ செய்தது.

உன் முதல் வரி என்ன?

சகலை


செப்டம்பர் 15

சகலை அவர்களுக்கு,

வலி: இருக்கிறது. முன்பைவிடக் குறைவு. இறங்கும்போது அதிகம், ஏறும்போது பரவாயில்லை. சுவரைப் பிடிக்காமல் குளியலறைக்குப் போனேன், நேற்றும் இன்றும்.

அக்டோபர் இரண்டாவது வாரம் வேலை முடிகிறது. ஊருக்கு வருகிறேன். மலைக்கு நான் லாயக்கில்லை. அதைக் கேட்கவும் எனக்கு வாய் இல்லை. வீட்டுக்கு வந்தால் கதவைத் திறப்பீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

சகலை


செப்டம்பர் 24

சகலைக்கு,

வலி: இன்று இல்லை. இல்லாத நாளிலும் இழுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

கதவைத் திறப்பது என் கையில் இல்லை. சின்னவள் இப்போதே வந்து இங்கே தங்கியிருக்கிறாள். அக்காவும் தங்கையும் உன் வருகைக்குத் தடபுடலாக ஏற்பாடு செய்கிறார்கள். நான் திறக்காவிட்டால் என்னை வெளியே வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

மலை இந்த வருஷம் வேண்டாம். உனக்கும் எனக்கும் இன்னும் மாதங்கள் ஆகும். அவசரப்பட்டால் வருஷங்கள் ஆகும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சின்னக் குன்று இருக்கிறதே, இவர்கள் இருவரும் பேசிக்கொண்டே ஏறி, பேச்சு முடிவதற்குள் இறங்கிவிடுகிற குன்று, அங்கே போவோம். தண்ணீர் பாட்டிலைத் தவிர முதுகில் ஒன்றும் வேண்டாம். ஆளுக்கு இரண்டு ஊன்றுகோல். இறக்கத்தில் சின்னச் சின்ன எட்டு. அடுத்த வாரம் அதையே இரண்டு தடவை. மலை எங்கேயும் போய்விடாது.

நீ அன்றைக்குச் சொன்னதை மறந்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் மாத்திரை போட்ட மாதிரிதான். மறக்கவில்லை. ஆனால் இப்போது அது நினைவுக்கு வரும்போது கூடவே அந்தப் பிளாஸ்டிக் பையும் வருகிறது. குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு ஏறுகிற நீயும் வருகிறாய். அந்த வார்த்தையைத் தனியாகக் கேட்க இப்போது என்னால் முடியவில்லை. அதுவும் உன்னோடு சேர்ந்துதான் கேட்கிறது.

குன்றில் யார் முன்னால் என்பதில் பேச்சே இல்லை. உனக்குத்தான் வலி அதிகம். நீ முன்னால் நட. உன் வேகம்தான் நம் இருவருக்கும் வேகம். திரும்பித் திரும்பிப் பார்க்காதே, நான் பின்னால் இருப்பேன். இந்தத் தடவை உண்மையாகவே தெம்போடு இருப்பேன், இல்லையென்றால் வாயைத் திறந்து சொல்வேன்.

நீ பாதையைப் பார்த்து நட. பள்ளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சகலை